பத்தொன்பது அங்குலம்

1

இந்தப் பத்திரிகையின் போன மாதத்து இதழ் பசறைத் தபால் கந்தோரிலிருந்து வந்து சேர்ந்தபோது ஒரு ஓரம் மழையில் நனைந்திருந்தது. கடைசிப் பக்கம் நனையவில்லை. அதில் ஒரு சோப்பு விளம்பரம். இடது பக்கத்தில் ஒரு பெண்ணைக் கறுப்பாகவும் அழுமூஞ்சியாகவும் வரைந்து, கீழே ‘முன்பு’ என்று போட்டிருந்தது. வலது பக்கத்தில் அதே பெண் வெளுத்துப் போய்ச் சிரித்தாள். அவளுக்குக் கீழே ‘பின்பு’.

தோட்டத்து ஆட்களை மேய்க்கும் பெரிய கங்காணியின் மகள் தைக்கக் கொடுத்த ரவிக்கையை வாங்க வந்திருந்தாள். பதின்மூன்று வயது. அந்தப் பக்கத்தைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றுவிட்டு, தாளை மட்டும் தனக்குக் கிழித்துத் தர முடியுமா என்று கேட்டாள். நான் தரவில்லை. ஏன் என்று அவளுக்கு விளங்கும்படி சொல்லவும் எனக்கு வரவில்லை. முகம் சுண்டிப் போனாள்.

கடல் கடந்து வாழும் பெண்கள் தங்கள் அனுபவத்தை எழுதலாம் என்று ஆசிரியர் இரண்டு மாதமாக அறிவிப்புப் போட்டு வருகிறார். தேயிலையைப் பற்றியும் குளிரைப் பற்றியும் எழுத என்னைவிடக் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். என் வீட்டில் நடந்த ஒன்றை மட்டும் நான் எழுதுகிறேன்.

2

லால்குடிப் பக்கத்தில் பிறந்தவள் நான். பதினேழாம் வயதில் கல்யாணமாகித் தூத்துக்குடியில் கப்பல் ஏறினேன். கொழும்பில் இறங்கியதும் ஒரு உத்தியோகஸ்தர் பெயர் கேட்டார். பர்வதம் என்றேன். பார்வதி என்று எழுதினார். என் வீட்டுக்காரர் திருத்தச் சொல்லிக் கேட்டதற்கு, இரண்டும் ஒரே சாமிதானே என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். இந்தத் தீவின் காகிதங்களில் இன்றுவரை நான் பார்வதிதான். ரயிலில் பண்டாரவளை வந்து, அங்கிருந்து மாட்டு வண்டியில் பதுளை, பிறகு பசறை, பிறகு இந்தத் தோட்டம். இருபத்துச் சொச்சம் வருஷமாகிறது.

என் வீட்டுக்காரர் இங்கே கணக்கப்பிள்ளை. விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் போடுவதும், வாரத்துக்கு ஒருமுறை அவர்களுக்கு அரிசி அளந்து போடுவதும் அவர் வேலை. அரிசி அளக்கிறவர் என்பதை இங்கேயே சொல்லி வைக்கிறேன். அதனால்தான் பிற்பாடு வம்பு வந்தது.

நான் பிறந்த வீட்டில் உள்ளங்கை அளவுக்கு ஒரு கண்ணாடி இருந்தது. படம் என்றால் முருகன் படம் ஒன்றுதான். அதற்காக எங்கள் உடம்பைப் பற்றி யாரும் பேசவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. என் பெரியம்மா என்னை முருங்கைக்காய் என்றே கூப்பிடுவாள். பெண் பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்ததும், ஒரு மண்டலம் விடாமல் உளுந்தங்களியில் நல்லெண்ணெய் ஊற்றி எனக்கு ஊட்டினார்கள். வாந்தி எடுத்தால் மறுபடியும் கிண்டினார்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்து, பரவாயில்லை, சதைப் பிடிப்பாக இருக்கிறாள் என்றார்கள். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும் சந்தோஷம்தான்.

3

தோட்டத்து வெள்ளைக்கார மானேஜரைத் துரை என்றும், அவர் மனைவியைத் துரைசாணி என்றும் சொல்வது இங்கே வழக்கம். துரைசாணிக்குச் சீமையிலிருந்து புதுத் தையல் மிஷின் வந்தபோது பழைய கை மிஷினை எனக்குக் கொடுத்தார். பதுளைக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த ராவுத்தர் வீட்டம்மா எனக்கு ரவிக்கை வெட்டக் கற்றுக்கொடுத்தார். ஒரு வருஷத்தில் கை ஓடிவிட்டது.

துரைசாணிக்குச் சீமையிலிருந்து பெண்கள் பத்திரிகைகள் வரும். படித்து முடித்ததும் கட்டாகக் கட்டி எனக்கு அனுப்பிவிடுவார். அவர் என்னிடம் தைக்கக் கொடுக்கும் சட்டைகளின் மாதிரி அதில் இருக்கும். பக்கத்துக்குப் பக்கம் படம். நான் அந்தப் படங்களை வெட்டி, மாவுப் பசை தடவி, மிஷின் இருக்கும் அறைச் சுவரில் ஒட்டினேன். தைக்கக் கொடுக்க வருகிற பெண்கள் சுவரைப் பார்த்து, எனக்கு அந்தக் கை, எனக்கு இந்தக் கழுத்து என்று விரலால் காட்டுவார்கள். வியாபாரம் நன்றாக நடந்தது. சுவரில் இடம் இல்லாமல் போனதும் பழைய படத்தின் மேல் புதுப் படத்தை ஒட்டினேன்.

என் ஒரே மகள் சொர்ணம் இந்தச் சுவருக்கு எதிரே வளர்ந்தவள். பதுளையில் மிஷன் பள்ளிக்கூடத்தில் தங்கிப் படித்தாள். வயதுக்கு வந்த பிள்ளையை வெளியூரில் விட்டுப் படிக்க வைக்கிறாயே, உனக்கு என்ன துணிச்சல் என்று லால்குடியிலிருந்து கடிதம் வரும். நான் பதில் எழுதமாட்டேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. விடுமுறைக்கு வரும்போது அவள்தான் படத்துக்குக் கீழே இருப்பதைப் படித்துச் சொல்வாள்.

ஒருநாள் ஒரு விளம்பரத்தைப் படித்தாள். துரைசாணிமார் சட்டைக்குள்ளே வயிற்றையும் விலாவையும் இறுக்கிக் கட்டும் ஒரு கச்சையின் விளம்பரம் அது. படத்தில் இருந்தவளின் இடுப்பு, உடுக்கை நடுவில் சிறுத்திருக்குமே, அப்படி இருந்தது.

“பத்தொம்பதுன்னு போட்டிருக்கும்மா.”

அவள் வயதா என்று கேட்டேன். சொர்ணம் சிரித்தாள்.

“வயசு இல்லம்மா. இடுப்பு. பத்தொம்பது அங்குலம்.”

அப்படி ஒரு மனுஷி இருக்க முடியாது, தையல்காரிக்குத் தெரியாதா என்றேன். பள்ளிக்கூடம் திறந்ததும் அந்தப் பத்திரிகைக் கட்டில் பாதியைக் கேட்டு எடுத்துக்கொண்டு போனாள். கூடப் படிக்கும் பிள்ளைகள் பார்க்க ஆசைப்படுகிறார்கள் என்றாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் கடைக்காரர் பிள்ளைகளும் உத்தியோகஸ்தர் பிள்ளைகளும் உண்டு. தோட்டத்திலிருந்து போனவள் இவள் ஒருத்திதான். படம் கொண்டுவருகிறவள் என்பதால் இவளைச் சுற்றி எப்போதும் நாலு பேர் இருந்தார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. நடக்கிற நடை, நெற்றியில் முடியைச் சுருட்டி விடுகிறது எல்லாம் அந்தத் தாள்களைப் பார்த்துத்தான். சாப்பாட்டு மேசையில் யார் குறைவாகச் சாப்பிடுகிறார்கள் என்று போட்டியும் இருந்ததாம்.

4

ஐரோப்பிய மகா யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம் அவளுக்குப் பதினாலு வயது. அந்த ஆவணி மாதம் ஒரு கடிதம் எழுதியிருந்தாள். ‘மற்றப் பிள்ளைகளைவிட என் பிகர் மிகவும் மோசம். எனக்கு வெட்கமாக இருக்கிறது’ என்று அதில் ஒரு வரி.

என் வீட்டுக்காரர் வாயில் அந்த வார்த்தை ஒருநாளைக்குப் பத்துத் தடவையாவது வரும். இன்று மலையில் எத்தனை பேர், கொழுந்து எத்தனை றாத்தல், எல்லாம் அவருக்குப் பிகர்தான். கடிதத்தைப் படித்துவிட்டு, பிள்ளை கணக்குப் பாடத்தில் பின்தங்கிவிட்டாள், அதற்குப் போய் வெட்கப்படுகிறாள் என்று சிரித்தார். அடுத்த முறை பதுளை போனபோது ஒரு கணக்குப் புஸ்தகம் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தார். சொர்ணத்திடமிருந்து ‘புஸ்தகம் கிடைத்தது’ என்று ஒரே வரியில் பதில் வந்தது.

தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தாள். புது ரவிக்கைக்கு அளவெடுத்தேன். அப்போது இங்கே பிள்ளைகள் பாவாடைக்கு மேல் இடுப்பு வரைக்கும் இறங்குகிற ரவிக்கை போடுவார்கள். போன வருஷம் இடுப்பு இருபத்தைந்து அங்குலம். வளர்கிற பிள்ளை என்று ஒரு அங்குலம் கூட்டிப் பிடிக்கலாம் என்று நினைத்து நாடாவைச் சுற்றினால் இருபத்திரண்டு.

“இன்னும் இறுக்கிப் பிடிங்கம்மா.”

மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றாள். இருபத்தொன்று.

எனக்கு அப்போது பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உயரம் போட்டிருக்கிறாள், அதனால் மெலிந்திருக்கிறாள் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்வதானால், துணியை வெட்டும்போது எனக்குக் குஷியாகக்கூட இருந்தது. இதுவரை நான் தைத்த எதுவும் படத்தில் இருப்பதுபோல் விழுந்ததே இல்லை. நம் பெண்களின் உடம்பு வேறு, அந்தப் படத்து வெட்டு வேறு. சொர்ணம் அதைப் போட்டுக்கொண்டு வந்து நின்றபோது ஒரு சுருக்கம் இல்லை.

“படத்துல இருக்கிற மாதிரியே இருக்குடி” என்றேன்.

அந்தப் பிள்ளை சிரித்த சிரிப்பை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. தீபாவளிப் பலகாரத்தை அவள் தொடவில்லை என்பது அவள் பள்ளிக்கூடம் திரும்பிப் போன பிறகுதான் என் புத்தியில் பட்டது.

5

தை மாதம் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தது. இருவரும் வண்டி பிடித்துப் போனோம். அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். தேகப்பயிற்சி செய்யும்போது மைதானத்தில் விழுந்துவிட்டாள் என்று டீச்சரம்மா சொன்னார். அவர் நல்ல மனுஷி. என்னைத் தனியே கூப்பிட்டு, ஒரு துணிப் பையைக் கையில் கொடுத்தார்.

உள்ளே கெட்டித் துணியில் தைத்த ஒரு கச்சை இருந்தது. சீமையில் அதற்குள் திமிங்கில எலும்பு வைப்பார்களாம். இவள் கொழுந்துக் கூடை பின்னும் பிரம்பைச் சிம்பாகப் பிளந்து, ஒவ்வொரு சிம்புக்கும் ஒரு பட்டி தைத்துச் செருகியிருந்தாள். பின்னால் கொக்கிகள். இடையிலே ஒரு சிம்பு முறிந்து துணியைக் கிழித்துக்கொண்டு வந்திருந்தது. அந்த இடத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தையலைப் பார்த்தேன். ஒரு இழை கோணவில்லை. அவளுடைய எட்டு வயதில் நான் மடியில் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்த தையல் அது.

சோற்றைக் கைக்குட்டையில் முடிந்து வெளியே கொட்டியிருக்கிறாள், ஊறுகாய்க்கு வைத்திருந்த காடியைக் குடித்திருக்கிறாள் என்றும் டீச்சரம்மா சொன்னார். இன்னும் மூன்று பிள்ளைகளிடமும் நாடாவும் படங்களும் அகப்பட்டனவாம்.

ஆஸ்பத்திரிக் குமாஸ்தா ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு, என்ன வியாதி என்றார். சாப்பிடாமல் இருந்துவிட்டாள் என்றார் என் வீட்டுக்காரர். எந்த ஊர் என்றார் அவர். தோட்டத்தின் பெயரைச் சொன்னோம். குமாஸ்தா எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு எதையோ எழுதிக்கொண்டார். போதிய உணவு கிடைக்காத தோட்டத்துப் பிள்ளை என்று எழுதியிருக்கிறார். அப்படி ஒருவர் வந்தால் கச்சேரிக்கு, அதாவது நம் ஊர்க் கலெக்டர் ஆபீஸ் மாதிரியான இடத்துக்கு, எழுதி அனுப்ப வேண்டும் என்பது சட்டமாம். அது எங்களுக்குத் தெரியாது.

நான் பக்கத்திலேயே தங்கினேன். சொர்ணத்தின் விலாவில் இரண்டு பக்கமும் புண். கையைப் பிடித்தால் சிம்பைப் பிடித்ததுபோல இருந்தது. நாலு நாள் ஆகியும் உடம்பு தேறவில்லை. தட்டு மட்டும் காலியாகவே திரும்பி வந்தது. ஐந்தாம் நாள் நான் வெளியே போவதுபோல் போய்க் கதவோரம் நின்றேன். சொர்ணம் தட்டைப் பக்கத்துக் கட்டிலுக்கு நகர்த்தினாள். அங்கே இருந்தவள் மூக்காயி. வேறொரு தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள்; சோகை பிடித்து வந்திருந்தாள். குனிந்து சாப்பிட ஆரம்பித்தாள்.

நான் உள்ளே போய் மூக்காயியைச் சத்தம் போட்டேன். பிள்ளை சாகக் கிடக்கிறாள், அவள் சோற்றைத் தின்கிறாயே என்று கேட்டேன். அவள் கோபப்படவில்லை.

“நான் கேட்டு வாங்கலீங்கம்மா. பாப்பா அத சாக்கடையில கொட்டப் போச்சு. சோத்தக் கொட்டுறதப் பாத்துக்கிட்டுச் சும்மா இருக்க என்னால முடியலீங்க.”

தட்டை என் பக்கம் தள்ளிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எனக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. சொர்ணத்திடம், உனக்கு என்னடி குறை, யாரடி உன்னைக் குறை சொன்னது என்று கேட்டேன்.

“உங்களுக்கு உளுந்தங்களி ஊட்டுனாங்களே, அப்ப உங்களுக்கு என்னம்மா குறை?”

கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். நான் ஏதோ விளையாட்டாக அவளிடம் எப்போதோ சொன்ன கதை அது.

6

அடுத்த வாரம் தோட்டத்துக்குக் கச்சேரியிலிருந்து காகிதம் வந்தது. கணக்கப்பிள்ளை தன் பிள்ளைக்கே அரிசி இல்லாமல் வைத்திருக்கிறார் என்றால் ஆட்களுக்குச் சரியாக அளந்து போடுகிறாரா என்று கேள்வி. விசாரணை முடியும்வரை அரிசிக் கொட்டடிச் சாவியைத் துரை வாங்கி வைத்துக்கொண்டார். பதினாறு வருஷம் அந்தச் சாவி என் வீட்டுக்காரர் இடுப்பில் இருந்தது. ஆட்கள் பெரட்டில் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அவர் வேலை போய்விடும் என்றே நாங்கள் நினைத்தோம். வேலை போனால் வீடும் போகும்.

விசாரணைக்கு ஒரு வெள்ளைக்கார உத்தியோகஸ்தர் ஆஸ்பத்திரிக்கே வந்தார். தமிழை மாற்றிச் சொல்ல ஒரு வயதானவர் கூட வந்திருந்தார். டீச்சரம்மாவும் வந்தார். என் வீட்டுக்காரர் கட்டில் காலடியில் தலைப்பாகையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். உனக்கு வீட்டில் சோறு போட்டார்களா என்று அந்தப் பெரியவர் சொர்ணத்திடம் கேட்டார்.

“போட்டாங்க. நான்தான் சாப்பிடல. இடுப்பு சிறுத்துப் போகணும்னு சாப்பிடல.”

பெரியவருக்கு இதை எப்படி அந்த உத்தியோகஸ்தரிடம் சொல்வது என்று கூச்சமாகிவிட்டது. இருமினார். பிறகு இரண்டே வார்த்தை சொன்னார். உத்தியோகஸ்தர் தலையை ஆட்டி எழுதத் தொடங்கினார். அவர் சொன்னது விரதம் என்பதாம். பெண் சாமிக்கு விரதம் இருந்தாள் என்று. அத்தோடு விட்டிருந்தால்கூட எங்கள் தலை தப்பியிருக்கும். ஆனால் அந்த உத்தியோகஸ்தர், ஐந்து மாதம் விரதமா, யார் இருக்கச் சொன்னது, தகப்பனா என்று திருப்பிக் கேட்டார். பெரியவர் முழித்தார்.

சொர்ணம் எழுந்து உட்கார்ந்தாள். அவளுக்கு முதுகு நிற்கவில்லை, சுவரில் சாய்ந்துகொண்டாள். இங்கிலீஷில் பேசத் தொடங்கினாள். அவள் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. மெதுவாக, நிறுத்தி நிறுத்திப் பேசினாள். அந்த அறையில் பன்னிரண்டு கட்டில். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு வார்த்தை விளங்கவில்லை. நடுவில் ஒரே ஒரு வார்த்தை காதில் விழுந்தது. பிகர் என்றாள். சொல்லும்போது தன் இடுப்பில் இரண்டு கையையும் வைத்துக் காட்டினாள்.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவருக்கும் விளங்கியிருந்தது.

கச்சையைப் பற்றி, காடியைப் பற்றி, பக்கத்துக் கட்டிலுக்குத் தட்டை நகர்த்தியதைப் பற்றிக்கூடச் சொன்னாள் என்று டீச்சரம்மா பிற்பாடு சொன்னார். தன் தகப்பன் ஆட்களுக்கு ஒரு படி குறைத்ததில்லை, குறைத்திருந்தால் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்றும் சொன்னாளாம். உத்தியோகஸ்தர் பேனாவை மூடிவிட்டார். அவருக்கும் அந்த வயதில் ஒரு மகள் சீமையில் இருப்பதாக டீச்சரம்மாவிடம் சொன்னாராம். பிறகு எழுந்து போனார்.

நாங்கள் வெளியே வந்து வராந்தாவில் உட்கார்ந்தோம். என் வீட்டுக்காரர் தலைப்பாகையை மடியில் வைத்துக்கொண்டார்.

“நான் கணக்குப் புஸ்தகம் வாங்கிக் குடுத்தேனே பர்வதம்” என்றார்.

7

சாவி திரும்பி வந்தது. ஆனால் விஷயம் பங்களாவுக்கும் போயிருந்தது. தன் பத்திரிகைகளால்தான் இப்படி ஆயிற்று என்று நாங்கள் சொல்லிவிட்டதாகத் துரைசாணிக்கு வருத்தம். அன்பாகக் கொடுத்ததற்கு இதுவா என்று ஆயாவிடம் சொல்லி அனுப்பினார். ஒரு வருஷத்துக்கு மேல் பங்களாத் தையல் எனக்கு வரவில்லை. அவர்மேல் எனக்குக் குறை இல்லை. அவரும் அதே கச்சையைக் கட்டிக்கொண்டுதான் மலை ஏறி இறங்கினார். நான் தைத்த சட்டைகளின் அளவு எனக்குத் தெரியும். பத்தொன்பது அங்குலம் அவருக்கும் இல்லை.

சுவரில் இருந்த படங்களைக் கிழித்துவிடலாம் என்று போனேன். தைக்கக் கொடுக்கிறவர்களுக்கு மாதிரி வேண்டும். கத்தரிக்கோலை எடுத்து, கையும் கழுத்தும் மட்டும் விட்டுவிட்டு மற்றதை வெட்டினேன்.

சொர்ணம் தேற ஒரு வருஷம் ஆனது. ஒரே நாளில் மனம் மாறி எல்லாம் சரியாகிவிடவில்லை. முதலில் கஞ்சி, பிறகு குழைந்த சோறு, அதிலும் பாதி நாள் அழுகை. மூக்காயி தன் தோட்டத்துக்குத் திரும்பிப் போகும்வரை அவள்தான் பிடிவாதமாகப் பக்கத்தில் உட்கார்ந்து, நீ ஒரு வாய் தின்றால் நான் ஒரு வாய் தின்கிறேன் என்று தின்னவைத்தாள். நான் சத்தம் போட்டதற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவளுக்கு அது நினைவிலேயே இல்லை. தகப்பனுக்கு எதிரே நின்று பேச சொர்ணத்துக்கு உடம்பு தேறியதைவிட அதிக காலம் பிடித்தது. ஆஸ்பத்திரி அறையில் அவள் சொன்னதையெல்லாம் அவர் நின்றுகொண்டு கேட்டாரே, அதை இருவருமே மறக்க முடியாமல் இருந்தார்கள்.

இப்போது அவள் பண்டாரவளையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயினி. இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஊரிலிருந்து வரும் கடிதங்களில் இதுதான் முதல் கேள்வி. எங்களோடு அதிகம் பேசுவதில்லை. கடிதம் எழுதினால் பாதி இங்கிலீஷ். அதைப் படித்துக் காட்ட ஆள் தேட வேண்டியிருக்கிறது. சாப்பிடும்போது நான் எதிரே இருந்தால் அவளுக்குப் பிடிக்காது. நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். போகும்போது தட்டைப் பார்க்காமல் போகப் பழகிக்கொண்டேன்.

போன சனிக்கிழமை வந்திருந்தாள். இதை எழுதப் போகிறேன், எழுதலாமா என்று கேட்டேன். உன் பெயரை மாற்றிப் போட்டுவிடுகிறேன் என்றும் சொன்னேன். மாற்ற வேண்டாம் என்றாள்.

“எழுதுங்கம்மா. ஆனா நான் புத்தி கெட்டுப் போயிருந்தேன்னு மட்டும் எழுதாதீங்க. அப்ப அது எனக்கு நெசமாவே அழகா இருந்துச்சு.”

எழுதியதை முழுவதும் இன்னொரு முறை படித்துப் பார்த்தேன். அப்படி எங்கும் எழுதவில்லை என்றுதான் நினைக்கிறேன்.